சுத்தம், கலப்பு

லாப்லாந்துத் தேவாலயக் கூடத்தின் ஜன்னல் வழியே வரும் பனி வெளிச்சம் டாக்டரின் இரும்பு இடுக்கியில் பளபளக்கிறது. லாப் மலைவாசிகளின் தலையை அளந்து இனம் பிரித்து எழுதத் தெற்கிலிருந்து வந்திருப்பவர் அவர். கலைமான் மேய்க்கும் ரிஸ்டெனின் நெற்றிப்பொட்டுகளில் இடுக்கியை அழுத்தி ஓர் எண்ணைச் சொல்கிறார். 'சுத்த லாப்' என்று குமாஸ்தா எழுதிக்கொள்கிறான். அடுத்து அவள் தங்கை மாக்கா. அவள் தலையை இரண்டு முறை அளந்துவிட்டு டாக்டர் உதட்டைப் பிதுக்குகிறார். கலப்பு. இருவரையும் எதிரெதிர்ச் சுவரோரம் நிற்கவைக்கிறார்கள். "நான் உன் தங்கச்சி இல்லையாம்க்கா," என்று மாக்கா சிரிக்கப் பார்க்கிறாள். கழற்றிய குல்லாய் அவள் கையில் கசங்குகிறது. மொழிபெயர்க்கும் உபதேசியார் தரையைப் பார்த்தபடி, "உங்கம்மாவுக்கு வேற யார்கூடயாவது பழக்கம் இருந்துச்சான்னு கேக்கறார்," என்கிறார். ரிஸ்டெனுக்கு முகம் சிவக்கிறது. "எங்கம்மா போன வருஷமே மண்ணுக்குள்ள போயிட்டா. வேணும்னா அவ தலையையும் அளந்துக்கச் சொல்லுங்க!" உபதேசியார் அதைத் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். டாக்டர் முதல்முறையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறார். கோபமே இல்லாமல், கனிவாக ஏதோ கேட்கிறார். "எங்க புதைச்சிருக்குன்னு கேக்கறார்மா." குமாஸ்தா பேனாவை மையில் தோய்த்துக் காத்திருக்கிறான். ரிஸ்டென் கூடத்தைக் கடந்து போய்த் தங்கையின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். உபதேசியாரையே பார்க்கிறாள். அந்தக் குழியருகே நின்று ஜெபம் சொன்னவர் அவர்தான்.