வேப்பங்கொட்டை வைத்துப் பார்த்த கூடு

பள்ளிப் படிப்பை முடித்த தூக்கணாங்குருவி ஒன்று, ஈச்சமரத்தில் கூடு கட்டும் குழுவில் சேர ஆசைப்பட்டது. அதற்குத் தன் திறமையை ஒரு மட்டையில் தொங்கவிட்டுக் காட்ட வேண்டும்.

"நிறைய இருக்கணும்டா. மட்டையே தெரியக் கூடாது," என்றது அதன் சிநேகிதன் காக்கா.

குருவி அப்படியே செய்தது. ஒரே ஒரு நாள் நீச்சல் வகுப்புக்குப் போனதற்கு வாத்து தந்த இறகு, பாட்டுப் போட்டியில் தலைகாட்டியதற்குக் குயில் தந்த இறகு, மயில் பேசிய கூட்டத்தில் தூங்காமல் உட்கார்ந்திருந்ததற்கு ஓர் இறகு என்று மட்டை முழுக்க இறகுகள் ஆடின. தான் கோணல்மாணலாகக் கட்டிய மூன்று கூடுகளை மட்டும் ஓலைக்குப் பின்னால் தள்ளி மறைத்தது.

ஆள் எடுக்க வந்த பெண் குருவி இறகுகளை ஒரு சுற்றுப் பார்த்தது. "தம்பி, இதுல நீ செஞ்சது எது?"

குருவி இறகுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்துக் காற்றடித்து ஓலை விலகியது.

"அதெல்லாம் யாரு கட்டினது?"

"நான்தான்க்கா," என்று நெளிந்தது குருவி. "முதல் கூட்டுல முட்டைக்குப் பதிலா வேப்பங்கொட்டையை வச்சு ஆட்டிப் பார்த்தேன். விழுந்துருச்சு. அடுத்ததுல உள்ளே ஒரு வரம்பு கட்டினேன். கொட்டை நின்னுச்சு, கூடு சாஞ்சிருச்சு. மூணாவதுல களிமண் அப்பினேன். இப்ப சாயல. ஆனா பார்க்க நல்லா இல்ல."

பக்கத்தில் இருந்த காக்கா தலையில் அடித்துக்கொண்டது.

பெண் குருவி மூன்று கூடுகளுக்குள்ளும் புகுந்து வெளியே வந்தது.

"நாளைக்குக் காலையில வேலைக்கு வந்துரு தம்பி. வரும்போது ஒரு வேப்பங்கொட்டை எடுத்துட்டு வா. எங்க கூடுகளையும் ஆட்டிப் பார்த்துடலாம்."