வீடியோவை இறக்கு

"திருட்டு டூல் வெச்சு என் கம்பெனி வீடியோவ டவுன்லோடு பண்ணியிருக்கா, சார். முதல்ல இவமேல கேஸ் போடணும்" என்றார் முதலாளி.

விசாரணை அறையில் எல்லோரும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணைப் பார்த்தார்கள். கம்பெனியில் அவளுக்கு 'டியூப்லைட்' என்று பெயர். எதைச் சொன்னாலும் மெதுவாகத்தான் எரியுமாம்.

விஷயம் இதுதான். பிரஸ் மெஷினில் ஆபரேட்டரின் கை போய்விட்டது. "பாதுகாப்புத் தடுப்பை அவனேதான் கழட்டினான்" என்று முதலாளி சாதித்தார். அது எடுபட்டால் நஷ்டஈடு கிடையாது.

ஆனால் விபத்துக்கு முன்பே கம்பெனி விளம்பரத்துக்குப் போட்ட வீடியோவில், அந்த மெஷினுக்குத் தடுப்பே இல்லை. அந்த வீடியோ இப்போது இணையத்தில் இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரை விசாரணை அதிகாரி சோதித்தபோது, இவள் இறக்கி வைத்த ஒரே காப்பிதான் கிடைத்தது.

"உரிமையாளர் அனுமதி இல்லாம டவுன்லோடு பண்ணினது சட்டப்படி தப்பு. இதை ஆதாரமா எடுக்கவே கூடாது" என்றார் முதலாளியின் வக்கீல்.

ஆபரேட்டரின் மனைவி அதிகாரியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"யாரைக் கேட்டும்மா டவுன்லோடு பண்ணீங்க?" என்றார் அதிகாரி.

"முதலாளிதான் சொன்னாரு சார். விபத்து நடந்ததுமே போன் பண்ணி, 'அந்த வீடியோவ உடனே இறக்கு'ன்னாரு. இறக்கிட்டேன்."

முதலாளிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அறிவுகெட்டவளே, இறக்குன்னா தூக்குன்னு அர்த்தம்..."

வக்கீல் அவர் காலை மிதித்தார். அதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"என்ன சொன்னீங்க?" அதிகாரி நிமிர்ந்தார். "விபத்து நடந்ததும் ஆதாரத்தைத் தூக்கச் சொன்னீங்களா?"

முதலாளி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ஃபேனைப் பார்த்தார்.

"இல்ல சார்... டவுன்லோடு பண்ணத்தான் சொன்னேன்."

"அப்போ அனுமதி இருக்கு" என்ற அதிகாரி, வீடியோவை ஆதாரமாக எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஆபரேட்டரின் மனைவி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நல்லவேளை, அவர் சொன்னது உனக்குப் புரியாமப் போச்சு. இல்லன்னா நாங்க தெருவுலதான் நின்னிருப்போம்."

"நல்லாவே புரிஞ்சுதுக்கா. அதனாலதான் முதல்ல டவுன்லோடு பண்ணிட்டு, அப்புறமா அழிச்சேன்."