தேறாத பிள்ளை

நாடா சிவப்பில் நின்றதும் மங்கையர்க்கரசி கண்ணை மூடிக் கும்பிட்டாள். அவள் மடியில் கிடந்த தியாகு அழக்கூட இல்லை. இரண்டு வயசுப் பிள்ளை. கை முருங்கைக்காய் மாதிரி இருந்தது.

"இன்னும் செவப்புதாங்களாம்மா?"

"சிவப்பேதான். நீ என்னதான்டி பண்றே இவனை?" என்றபடி நாடாவைச் சுருட்டினாள் கல்பகம்.

கல்பகம் தார்நாகாவில் குடியிருப்பவள். ஏதோ ஒரு தர்ம சங்கத்தில் வேலை. மாசம் ஒரு தரம் ஜீப்பில் மல்லாபூருக்கு வந்து, லைன் வீட்டுப் பிள்ளைகளின் கைச் சுற்றளவைப் பார்ப்பாள். மூன்று நிற நாடா அது. சிவப்பென்றால் உயிருக்கு ஆபத்து, வீட்டுக்கு ஒரு மூட்டை சத்துமாவு. மஞ்சளுக்கு அரை மூட்டை. பச்சைக்கு வந்துவிட்டால் பிள்ளை தேறிவிட்டது என்று எழுதிக்கொண்டு, மாவை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். தர்மம் பண்ணுகிறவனும் கணக்குப் பார்த்துத்தான் பண்ணுகிறான்.

"வேளா வேளைக்குக் கஞ்சி வெச்சுக் கொடுக்கறியா?"

"ஹவும்மா. மூணு வேளையும்."

"தண்ணி கொதிக்க வெச்சதுதானே?"

"கொதிக்க வெச்சு, வடிகட்டி."

"உன் ஆம்படையான் கம்பெனி தொறந்தாளா?"

"எங்கம்மா. ஒரு வருசமா கேட்டாண்ட கொடி நட்டு உக்காந்துகினு கீறாரு. வூட்ல அடுப்பு எரியுதான்னு ஒருத்தனும் கேக்கல."

பின்னால் நின்ற மூத்த பெண் மாவு மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். கல்பகம் அவள் கன்னத்தைக் கிள்ளினாள். "அக்காவைப் பாருடா, பன்னு மாதிரி இருக்கா. உனக்கு மட்டும் என்னடா கேடு?"

தியாகு அவளைப் பார்த்தான். அவனுக்குச் சிரிக்கிற தெம்பு இல்லை.

ஜீப்பில் உட்கார்ந்திருந்த அனந்தராமனுக்கு வேறு கவலை. கல்பகத்துக்கு மேலதிகாரி அவர். மல்லாபூரில் எத்தனை பிள்ளை தேறியது என்று அந்த வாரம் டெல்லிக்கு எழுதி அனுப்ப வேண்டும். இதைப் பார்த்துத்தான் மற்ற ஊர்களிலும் மாவு கொடுக்கப் பணம் தருவார்கள்.

"மத்ததெல்லாம் பச்சை, மஞ்சள். இது ஒண்ணு மட்டும் திருஷ்டிப் பொட்டு மாதிரி சிவப்பு" என்றார். "பூச்சி மருந்து கொடுத்தாச்சு. ரத்தம் பார்த்தாச்சு. ஒரு வியாதியும் கிடையாது. வீட்டைக் காலி பண்ணிண்டு போயிட்டான்னு எழுதி, பேரை எடுத்துடுங்கோ."

"பேரை எடுத்தா மாவும் நின்னுடும் சார். குழந்தை செத்துப் போயிடும்."

"பேர் இருந்தா என் ரிசல்ட் செத்துப் போயிடும்."

"ரெண்டு நாள் கொடுங்கோ. என்ன காரணம்னு நானே பார்க்கறேன்."

"டாக்டருக்கே தெரியலை, உங்களுக்குத் தெரியப் போறதாக்கும். ரெண்டு நாள்தான். அப்புறம் நக்கோ, ஒரு நாள்கூடக் கிடையாது."

ராத்திரி கல்பகம் காரணங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். கஞ்சிப் பானை ஓட்டையோ, மாவில் புழுவோ, தாய்க்காரிக்கு ஊட்டத் தெரியவில்லையோ. தானே ஒரு வேளை கூட இருந்து ஊட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மறுநாள் வீட்டு நெய்யில் ஒரு சின்னப் பாட்டில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வருகிறேன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

உச்சி வெயில். மங்கையர்க்கரசி வீட்டுக்குக் கதவில்லை, கோணித் திரைதான். அவள் புருஷன் லட்சுமணன் கம்பெனி வாசலுக்குப் போயிருந்தான். கல்பகம் திரையை விலக்கினாள்.

மூத்தவளும் அவளுக்கு அடுத்த இரண்டு பையன்களும் அலுமினியத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து மாவுருண்டை தின்றுகொண்டிருந்தார்கள். மங்கையர்க்கரசி இன்னொரு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். தியாகு தூளியில் கிடந்து தன் மணிக்கட்டைச் சப்பிக்கொண்டிருந்தான்.

"அடிப் பாவி" என்றாள் கல்பகம். "அது அவனுக்குக் கொடுத்த மாவுடி."

மங்கையர்க்கரசி பதறவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, உட்காரப் பலகையை நகர்த்திப் போட்டாள்.

"அவனுக்கும் குடுக்கறேம்மா. காலைல ரெண்டு வாய், பொழுது சாஞ்சா ரெண்டு வாய். உசுரு நிக்கற அளவுக்கு."

"நீ பெத்த பிள்ளைதானேடி அவனும்? இல்லே, யாராவது வாசல்ல போட்டுட்டுப் போனாளா?"

"நான் பெத்ததுதாம்மா. நாலும் நான் பெத்ததுதான்."

"அப்போ அவனுக்கும் ஒரு உருண்டையை ஊட்டேன். தினம் ஒண்ணு கொடுத்தாக்கூட ரெண்டே மாசத்துல பச்சைக்கு வந்துடுவானேடி. தேறிடுவானே."

மங்கையர்க்கரசி தட்டைச் சுற்றி இருந்த மூன்று பேரையும் பார்த்தாள். அவர்கள் தின்பதை நிறுத்தியிருந்தார்கள். தின்னுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, தூளியை ஒரு தரம் ஆட்டிவிட்டாள்.

"தேறிட்டா, மூட்டையைத் தூக்கினு பூடுவீங்களேம்மா."