ரேடியேட்டர் மூடிய வீடு

"கீழ்வீட்டுக்காரரே! ஜனவரி மாசத்துல ஜன்னலைத் திறந்து வெச்சு யாருக்குச் சூடு குடுக்கறீங்க? டான்யூப் நதிக்கா?"

மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினாள் ருமியானா. இரண்டாம் மாடி ஜன்னலில் அரைக்கைச் சட்டையோடு நின்றிருந்த ஸ்டாமென் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"உள்ள வேகுது மேடம். கொஞ்சம் காத்து வாங்கறேன்."

"அறையைச் சூடாக்கற ரேடியேட்டர் எல்லாத்தையும் முழுசாத் திறந்து வெச்சா வேகாம என்ன செய்யும்? ஒரு ஆளுக்கு இவ்வளவு சூடா? சரி, நல்ல சட்டையா ஒண்ணு போட்டுக்கிட்டு மேல வாங்க. நகராட்சி இன்ஜினீயர் பொண்ணு வர்ற நேரமாச்சு. சோதனை பண்றப்போ பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் கூட இருக்கணுமாம்."

ஸ்டாமெனின் சிரிப்பு மறைந்தது. "நானா? வேற யாரையாவது..."

"நீங்கதான்! ஊதாரி பக்கத்துல நின்னாத்தான் என் சிக்கனம் எடுப்பாத் தெரியும்!"

ருமியானாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ரூசே நகரத்திலேயே குறைவான வெப்பத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் வீட்டுக்குப் பரிசு. கடைசிச் சுற்றில் அவள் வீடுதான் முதலிடம். இன்றைய சோதனை மட்டும் பாக்கி. ஜெயித்தால் அவள் படத்தை டிராலி பஸ்களில் ஒட்டுவார்கள். 'தனியா இருந்து என்னத்தைக் கிழிச்சுடப் போறே?' என்று கேட்டுவிட்டு விவாகரத்து வாங்கிப் போனவன் தினமும் அந்த பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறான். வேறென்ன வேண்டும் அவளுக்கு!

இன்ஜினீயர் எலிட்சா வந்ததும் ருமியானா அவள் பூட்ஸைக் கழற்ற வைத்துக் கனத்த கம்பளிச் செருப்பு ஒரு ஜோடி நீட்டினாள். ஸ்டாமெனுக்கும் ஒரு ஜோடி. மேஜையில் சுடச்சுடப் பனிட்சா. மொறுமொறுவென்ற மாவு மடிப்புகளுக்குள் பாலாடைக்கட்டி உருகிக்கொண்டிருந்தது.

"ரேடியேட்டர் எல்லாம் மூடியிருக்கு. ஆனா வீடு இருபது டிகிரி!" எலிட்சா வாயைப் பிளந்தாள். "எப்படி மேடம்?"

இந்தக் கேள்விக்காகத்தானே காத்திருந்தாள்! ருமியானா அறை அறையாக ஓடினாள்.

"ஜன்னல் இடுக்குல எல்லாம் டேப். திரை ரெண்டு அடுக்கு. வெளிச்சுவருக்கு அலுமினியத் தாள். அப்புறம் இந்தக் கம்பளிச் செருப்பு. இது இல்லாம வீட்டுக்குள்ள ஒரு அடி வெக்க மாட்டேன். ரெண்டு குளிர்காலமா ரேடியேட்டரைத் தொட்டதே இல்ல!" மூச்சு வாங்க நின்று ஸ்டாமெனைக் காட்டினாள். "இவருக்கு இதெல்லாம் எத்தனையோ தடவை சொல்லிட்டேன், மண்டையில ஏறல. பாவம், பஸ் ஓட்டறவர். நான் ஜெயிச்சா என் படத்தை ஊர் முழுக்கச் சுமக்கப்போறதே இவர்தான்!"

"சந்தோஷமாச் சுமப்பேன்," என்றார் ஸ்டாமென். தட்டில் வைத்த பனிட்சாவை அவர் தொடவேயில்லை.

எலிட்சா பையிலிருந்து வெப்பக் கேமராவை எடுத்தாள். "சூடு எங்க இருக்கோ அது சிவப்பாத் தெரியும். குளிர் நீலமா இருக்கும்."

"அதெல்லாம் எதுக்கும்மா?" ஸ்டாமென் அவசரமாக எழுந்தார். "தெர்மாமீட்டரே இருபது காட்டுதே. ஆறிடறதுக்குள்ள சாப்பிடுங்க."

"ஏன் தடுக்கறீங்க? பொறாமையா?" என்று அதட்டினாள் ருமியானா. "நீ எடு பொண்ணே!"

கேமரா சுவரைப் பார்த்தது. நீலம். திரை, நீலம். டேப் ஒட்டிய ஜன்னல் ஓரம் கருநீலம். எலிட்சாவின் புருவம் சுருங்கியது. "விசித்திரமா இருக்கே. அப்போ சூடு எங்கேர்ந்துதான் வருது?"

கேமராவைக் கீழே தாழ்த்தினாள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஒரே சிவப்பு.

"மேடம், உங்க தரை அடுப்பு மாதிரி இருக்கு!"

ருமியானா கம்பளிச் செருப்பை உதறிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்தாள். யாரோ உள்ளங்கையில் ஏந்திக்கொண்டதைப் போல இதமாக இருந்தது. மெதுவாகத் திரும்பினாள். ஸ்டாமெனின் காதுகள் இரண்டும் சிவந்திருந்தன.

"கீழ்வீட்டுச் சூட்டுல வாழ்ந்தா அது சிக்கனத்துல சேராது மேடம்," எலிட்சா தயக்கத்தோடு பேனாவை எடுத்தாள். "உங்க பேரை அடிக்கணும். மன்னிச்சுக்கோங்க."

ருமியானா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேணும்னுதான் செஞ்சீங்களா?"

ஸ்டாமென் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க ரேடியேட்டரை மூடின அன்னிக்கு ராத்திரி முழுக்க இருமினீங்க. சீலிங் வழியாக் கேட்டுது. நான் என் வீட்டுல இருக்கற எல்லாத்தையும் திறந்துவிட்டேன், இருமல் நின்னுடுச்சு. அப்புறம் நீங்க அவ்வளவு சந்தோஷமா உங்க சிக்கனத்தைச் சொல்லிக்கிட்டு இருந்தப்போ, உண்மையைச் சொல்ல மனசு வரல."

எலிட்சாவின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது. ருமியானாவின் முகத்தில் பரிசு பறிபோன வருத்தத்தைத் தேடினாள். அங்கே இருந்ததோ, முன்பைவிடப் பெரிய பரபரப்பு.

"அடிச்சுக்கோ பொண்ணே, நல்லா அடிச்சுக்கோ! ஆனா அடுத்த வருஷப் போட்டிக்கு எங்க பேரை இப்பவே எழுதிக்கோ," என்று ஸ்டாமெனின் கையைப் பிடித்துக்கொண்டாள் ருமியானா. "ரெண்டு பேருக்காக எதுக்கு ரெண்டு வீட்டைச் சூடாக்கணும்?"