கடைசி லெவல்

"அழிச்சிட்டா! மறுபடியும் அழிச்சிட்டா!"

ஜாய்ஸ்டிக்கைச் சோபாவில் விட்டெறிந்தார் அவர். காலையில்தான் வெளியூரிலிருந்து வந்திறங்கிய மச்சினன் பதறிப்போய் எழுந்தான்.

"என்ன ஆச்சு அத்தான்?"

"உன் அக்காவைக் கேளு! தூசி துடைச்சாளாம், கை பட்டுச்சாம், நான் சேவ் பண்ணி வெச்சதெல்லாம் போயிடுச்சாம். ஏன்டா, 'அழிக்கவா'ன்னு கேட்டா 'ஆமாம்'னு அமுக்கத் துடைக்கிற துணிக்குத் தெரியுமா? இது மூணாவது தடவை! கடைசி லெவல் நெருங்கினாப் போதும், இவ கண்ணுக்குத் தூசி தெரிஞ்சிடும்!"

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி என்ன கேம் அது?"

"ஹீரோவுக்கு என்னை மாதிரியே தலையில அடி. பழசெல்லாம் மறந்துபோச்சு. தன் பொண்ணைக் கொன்னவன் யாருன்னு தேடி அலையறான். நமக்குத்தான் அந்த டிரைவர் கிடைக்கலை. ஒரு நாளைக்குன்னு கூப்பிட்ட பாவி, காரை மரத்துல மோதி என் பொண்ணைக் கொன்னுட்டு ஓடியே போயிட்டான். அவன் மூஞ்சிகூட எனக்கு ஞாபகமில்லை. இவனாவது கண்டுபிடிக்கட்டும்னு பார்த்தா, விட மாட்டேங்கிறா. கல்நெஞ்சக்காரி!"

உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினார்.

தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்க்கா, பெத்த பொண்ணைப் பறிகொடுத்துட்டு மனுஷன் நொந்து கிடக்கிறார். ஒரு விளையாட்டுல உனக்கென்ன வயித்தெரிச்சல்?"

"மெதுவாப் பேசுடா."

"பேச மாட்டேன்! பிடிக்கலைன்னா மொத்தமாத் தூக்கிக் குப்பையில போடு. கடைசி வரைக்கும் ஆட விட்டு அழிக்கிறே பாரு, அதுதான் கொடுமை."

"அதை ஆடுறப்பதான் அவர் கை நடுங்காம இருக்கு. ரெண்டு வாய் சாப்பாடு இறங்குது. எப்படித் தூக்கிப் போடச் சொல்றே?"

"அப்புறம் ஏன் அழிக்கிறே?"

மூடிய கதவைப் பார்த்தாள் அக்கா. மடித்து வைத்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"அவர் தூங்கறப்ப நான் அதை முழுசா ஆடிப் பார்த்துட்டேன். கடைசி லெவல்ல அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்துடுது. பொண்ணைக் கொன்னவன் வேற யாருமில்லை, அவனேதான்."

"அது வெறும் கதைக்கா! அதுக்கும் அத்தானுக்கும் என்ன சம்பந்தம்?"

"அவர் என்னையே திட்டிக்கிட்டு இருக்கட்டும்டா." குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்குக் கார்ல நாங்க மூணு பேர்தான். டிரைவர்னு யாருமே வரலை."