ஈரச்சுவரில் ஒரு கப்பல்

“உன் கப்பல் மூழ்கிடுச்சும்மா. மெஷினே படிச்சிடுச்சு. மூணு மணிக்குள்ள எடுத்துடு.”

சொல்லிவிட்டு, நாங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் என்று பட்டப்பெயர் வைத்திருக்கும் குழுத்தலைவி அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

மணி இரண்டு இருபது.

இணையத்தில் எதையாவது திறக்கப் போனால், நீங்கள் மனிதர்தானா என்று கேட்டு ஒரு படம் வருமே, அந்தப் படங்களைச் செய்வதுதான் என் வேலை. மங்கலான புள்ளிகள். அதில் என்ன தெரிகிறது என்று எழுதினால் கதவு திறக்கும்.

மனிதருக்குப் புரிய வேண்டும். இயந்திரம் குழம்ப வேண்டும். அதற்கு நான் கண்ட வழி, பாதிப் படத்தை அழித்துவிடுவது. இல்லாததைக் கண் நிரப்பிக்கொள்ளும். இயந்திரமோ இருப்பதை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும்.

இல்லாததை நிரப்பிக்கொள்வதில் எனக்குப் பழக்கம் அதிகம்.

எந்தப் படமும் நான்கு மாதம் தாங்காது. அதற்குள் இயந்திரம் கற்றுக்கொண்டுவிடும். கப்பல் மட்டும் இரண்டு வருடம் தாங்கியது. ஞாயிறுதோறும் உட்கார்ந்து புள்ளிகளை இடம் மாற்றி நான்தான் அதை மிதக்க வைத்திருந்தேன். போன வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டேன். அந்த ஒரு வாரம் போதுமாயிருந்தது.

உண்மையில் அது கப்பலே இல்லை. எங்கள் அறைச் சுவரில் இருந்த ஈரக்கறை. நானும் தம்பியும் படுக்கும் கட்டிலுக்கு நேர் எதிரே. பாய்மரம் சாய்ந்த கப்பல் மாதிரி இருக்கும். அப்பாவுக்கும் கப்பல், அம்மாவுக்கும் கப்பல், சுண்ணாம்பு அடிக்க வந்தவருக்கும் கப்பல்.

தம்பிக்கு மட்டும் அது பல் டாக்டர்.

குனிந்து யாருடைய வாய்க்குள்ளோ எட்டிப் பார்க்கிறாராம். ஐந்து வயதில் அவனை ஒரு பல்லுக்காக அழைத்துப் போனதன் வினை. சுவருக்கு முதுகைக் காட்டி, என் பக்கம் திரும்பித்தான் தூங்குவான். மீசை முளைத்த பிறகும் விளக்கை அணைத்தவுடன் கேட்பான்: “டாக்டர் தூங்கிட்டாராக்கா?”

அவன் வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருடம். பழைய எண்ணில் வேறு யாரோ பேசுகிறார்கள். அப்பா அந்தச் சுவரைப் பூசி வெள்ளையடித்துவிட்டார். நான் நினைவிலிருந்துதான் புள்ளி வைத்தேன்.

எங்கே இருந்தாலும் ஒரு டிக்கெட் எடுக்காமலா இருப்பான், ஒரு மின்கட்டணம் கட்டாமலா இருப்பான்? அப்போது இந்தப் படம் அவன் கண்ணில் படாமலா போகும்?

கப்பலுக்கு வந்துகொண்டிருந்த விடைகளைத் திரையில் ஓடவிட்டேன். எழுதியவர் பெயர் வராது. ஊர் வராது. விடையும், அதற்கு எடுத்துக்கொண்ட நேரமும், முடிவும் மட்டும்.

கப்பல். கப்பல். படகு. கப்பல். யாரோ ஒருவர், போடா. கப்பல்.

எல்லாம் மூன்று வினாடி, நான்கு வினாடி.

சில நாள் தோன்றும், இந்தக் கப்பல்களில் ஒன்று அவனுடையதாக இருக்கும் என்று. அவசரத்தில் ஊரோடு ஒத்துப் போயிருப்பான். டாக்டரை மறந்தே போயிருப்பான்.

மணி இரண்டு ஐம்பது. அடுத்த மேசையில் யாரோ சிரித்தார்கள். தேநீர் ஆறி ஏடு கட்டியிருந்தது.

இரண்டு ஐம்பத்திரண்டுக்கு ஒரு வரி விழுந்தது.

பல் டாக்டர். நாற்பத்தோரு வினாடிகள்.

நான் அசையவில்லை. அசைந்தால் அது மேலே ஏறி மறைந்துவிடும் போலிருந்தது.

கப்பல் என்று எழுதினால் வேலை முடிந்துவிடும் என்று அவனுக்குத் தெரியாதா? உலகத்துக்கே அது கப்பல் என்பது ஐந்து வயதிலிருந்தே அவனுக்குத் தெரியும். தெரிந்தும், நாற்பத்தோரு வினாடி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கதவு திறக்காத விடையை எழுதியிருக்கிறான்.

தட்டிப் பார்க்கிறான்.

அன்றைக்கும் தட்டினான். படிப்பை விட்டுவிட்டான் என்று அப்பா அவனை வெளியே அனுப்பிய மறுநாள், நடுப்பகல். இவனுக்கு யாரும் கதவைத் திறக்கக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அவன் தட்டுவது எனக்குத் தெரியும். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி ஒன்று. தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு, தெரிந்துகொண்டே கேட்டேன்.

“யாரு?”

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

ஒரு படத்துக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. வேறு எதை எழுதினாலும் கடைசிக் கட்டத்தில் ‘இயந்திரம்’ என்று விழும். கதவு மூடியே கிடக்கும்.

கப்பலை ஏற்றிய முதல் நாளே, யாருக்கும் தெரியாமல், அதற்குக் கீழே இரண்டாவதாக ஒரு விடையையும் சேர்த்து வைத்திருந்தேன்.

அந்த வரியின் கடைசிக் கட்டத்துக்குப் பார்வையை நகர்த்தினேன்.

மனிதர். திறந்தது.