உடம்புக்குள்ள இரும்பு இருக்கா?

"ஏண்ணா, இப்ப என்னதான் உனக்குப் பிரச்சினை?"

மகேந்திரனுக்கு ஒன்றுமே புரியவில்லை. காலையிலிருந்து மூன்று தடவை ஸ்கேன் அறை வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டார், அவனைவிட இருபது வயது மூத்த அண்ணன் கெம்பையன்.

முதல் தடவை வயிற்றைக் கலக்குகிறது என்றார். போய்விட்டு வந்தார். அடுத்த தடவை எமகண்டம் என்றார். அதுவும் கழிந்தது. இப்போது காரணமே சொல்லாமல், ஆஸ்பத்திரி கொடுத்த பச்சை அங்கியோடு பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"ஊட்டுக்குப் போலாம் வாடா."

"டாக்டர் சொன்னது காதுல உழுந்துச்சா இல்லையா? போன மாசம் வந்த அட்டாக்குல இருதயம் எவ்வளவு செத்துப்போச்சு, எவ்வளவு உசுரோட இருக்குதுன்னு இந்த எம்.ஆர்.ஐ. காட்டிருமாம். அதைப் பாத்துட்டுத்தான் ஆபரேஷன் பண்ணலாமான்னு முடிவு பண்ணுவாங்க."

"வேற எதுலயாச்சும் பாக்கச் சொல்லு."

சொந்த ஊர் கௌதள்ளியில் சோளக்காட்டுக்குள் இறங்கிய யானையைத் தனியாளாக நின்று பந்தம் காட்டி விரட்டிய மனுஷன். மிஷினுக்கா பயப்படுவார்?

பயம் என்றும் சொல்வதற்கில்லை. மைசூர் வரும்வரை பஸ்ஸில் கதை பேசிக்கொண்டுதான் வந்தார். கடுக்கன், வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் தானே கழற்றிக் கொடுத்தார். "உள்ளே படபடன்னு சத்தம் வரும்" என்று டெக்னீஷியன் விஜய்குமார் சொன்னதற்கு, "எங்கூரு கோயில் நோம்பியில கேக்காத கொட்டுச் சத்தமா" என்று சிரித்தார்.

அப்புறம் விஜய்குமார் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டான். பேஸ்மேக்கர் இருக்கா? எலும்புக்கு பிளேட் வெச்சிருக்கா? உடம்புக்குள்ள வேற இரும்பு ஏதாவது இருக்கா? உள்ளே இருப்பது பெரிய காந்தம், குண்டூசியைக்கூட விடாது என்றான்.

அண்ணன் மகேந்திரனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லைங்க" என்றார். அதற்குப் பிறகுதான் இந்தக் கூத்தெல்லாம்.

வாழ்ந்தது போதும் என்று நினைத்துவிட்டாரா? தை மாசம் மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார், அப்படியும் இருக்காது. யோசிக்க யோசிக்க மகேந்திரனுக்குக் குழப்பம்தான் கூடியது. கடைசியில் அது கோபமாக வெடித்தது.

"நஞ்சன்கூடு ஃபேக்டரியில லீவு சொல்லிட்டு பதினஞ்சு நாளா நாயா அலையறேன். உனக்கு உன் புடிவாதந்தான் பெருசு. இனிமே எப்படியோ போ."

கெம்பையன் அங்கி நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

சத்தம் கேட்டு ஸ்கேன் டாக்டர் மனிஷா வெளியே வந்தார். விஜய்குமாரிடம் கன்னடத்தில் விசாரித்தார். பிறகு, "வாங்க ஐயா, நாம தனியாப் பேசலாம்" என்று கெம்பையனைக் கூட்டிக்கொண்டு போனார்.

மகேந்திரனும் எழுந்தான்.

"நீங்க ஸ்வல்ப நேரம் இங்கேயே இருங்க" என்று டாக்டர் தடுத்தார்.

அரைமணி நேரம் ஆயிற்று. டாக்டர் ஒரு எக்ஸ்ரேயோடு திரும்பி வந்தார். இருதயத்துக்கு வந்த ஆளுக்கு எதற்குத் தொடையில் எக்ஸ்ரே? மகேந்திரன் விழித்தான்.

"நல்லவேளை, உள்ளே படுக்க வைக்கல. இதைப் பாருங்க."

தொடை எலும்பை ஒட்டி மிளகு மிளகாக மூன்று வெள்ளைப் புள்ளிகள்.

"சைக்கிள் சக்கரத்துல போடற பால்ரஸ் இரும்புக் குண்டு. பக்கத்துலயே பெரிய ரத்தக்குழாய். காந்தம் இழுத்திருந்தா அதையே கிழிச்சிருக்கும்."

"இது எப்படிங்க உள்ளே போச்சு?"

"இருபது வருஷத்துக்கு முந்தி, சோளக்காட்டுக்குள்ள பன்னியை விரட்டப் போயிருக்கார். வெளியே அவர் தம்பி பால்ரஸ் போட்ட நாட்டுத் துப்பாக்கியோட நின்னிருக்கான். பதினஞ்சு வயசுப் பையன். சோளம் அசைஞ்சதும் பன்னின்னு நெனச்சு சுட்டுட்டானாம்."

மகேந்திரன் எக்ஸ்ரேயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அன்றைக்கு அவன் சுட்டதும் சோளத்துக்குள்ளிருந்து அண்ணனின் குரல்தான் வந்தது. 'பன்னி தப்பிச்சிருச்சுடா, நீ ஊட்டுக்குப் போ.' அப்படியே மாமனார் ஊருக்குப் போன அண்ணன் பத்து நாள் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

டாக்டர் பேசிக்கொண்டே போனார்.

"இன்னிக்கு வரைக்கும் தம்பிக்குத் தெரியாதாம். தெரிஞ்சா தாங்க மாட்டான்னு யார்கிட்டயும் மூச்சு விடாம இருந்திருக்கார். பரவாயில்ல, ஹார்ட்டுக்கு வேற ஸ்கேன் இருக்கு, அதுல பாத்துக்கலாம். ஆனா இனிமே எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல்ல இதைச் சொல்லணும். வீட்டுல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கட்டும்னுதான் மகன்கிட்டச் சொல்றேன்."

தான் மகன் இல்லை, அந்தத் தம்பி என்று சொல்ல மகேந்திரனுக்கு வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"அழாதீங்க. உங்க சித்தப்பா காதுக்கு மட்டும் இது போகக் கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டார். நீங்களும் அவர்கிட்டச் சொல்லிடாதீங்க, என்ன?"

மகேந்திரன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சொல்ல மாட்டேனுங்க."